கல்லில் யார் பெயர் முதலில்?

எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டுத் தேர்வில், நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் துறைகளை விளக்கச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. ஆறையும் வரிசை பிசகாமல் எழுதினேன். கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று உரையும் எழுதினேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது. ஆனால் மத்தூருக்கு மேற்கே எங்கள் மாந்தோப்பு ஓரத்துப் புளியமரத்தடியில் எண்ணெய் ஏறிக் கறுத்து, மஞ்சள் அப்பிக்கிடக்கும் வேடியப்பன் இந்த ஆறு துறைகளையும் கடந்து வந்து அங்கே நிற்பவன்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை. எங்க ஆயா வருஷா வருஷம் அவனுக்குப் பொங்கல் வைத்துச் சேவல் அறுத்ததைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பெரும்படை என்று பரீட்சைத் தாளில் எழுதியபோது அந்தச் சேவல் நினைவுக்கு வரவில்லை, நச்சினார்க்கினியர்தான் வந்தார்.

இதை என் தனிப்பட்ட மந்தம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது என்றே படுகிறது. தமிழ்த் துறைகள் புறத்திணையைக் கற்பிக்கும் முறையிலேயே இந்தக் குருடு இருக்கிறது. பிரதி ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய சுவர். அந்தச் சுவரை இடித்துவிட்டதாக நம்முடைய தொல்லியல் பெருமிதம் இப்போது சொல்லிக்கொள்கிறது. சுவர் இடிந்ததா, வேறு இடத்தில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதுதான் எனக்குள்ள சந்தேகம்.

முதலில் அந்தக் கல். இடுப்புயரப் பலகைக்கல். பக்கவாட்டில் ஓடும் வாக்கில் ஓர் ஆள். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள். தலைமுடி பின்னால் முடிந்திருக்கிறது. மார்புக்குக் கீழே ஒரு கோடு சாய்வாகப் போகிறது. அம்பு என்று இப்போது தெரியும். சின்ன வயசில் பூணூல் என்று நினைத்திருந்தேன். எழுத்து ஏதுமில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் புளியந்தோப்பிலும் மலையடிவாரத்திலும் இப்படி நிற்கிற கற்கள் ஏராளம். பல இடங்களில் பெயர் வேடியப்பன்தான். எழுத்துள்ளவை, எழுத்தில்லாதவை என்ற பாகுபாடு கும்பிடுகிறவர்களுக்கு இல்லை. அந்தப் பாகுபாடு முதன்மையாவது நாம் உள்ளே நுழையும்போதுதான்.

இந்தப் பக்கத்துக் கற்கள் பெரிய அளவில் படிக்கப்பட்டது தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை வந்த பிறகு. 1961இல் அமைந்த துறை, இரா. நாகசாமி அதன் இயக்குநராக இருந்த காலத்தில் செங்கம் வட்டாரத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். 1972இல் 'செங்கம் நடுகற்கள்' வெளிவந்தது. தமிழ் வரிவடிவ வரலாற்றையே அது கொஞ்சம் அசைத்தது. பல்லவர்கள் தங்கள் ஆவணங்களில் கிரந்தத்தையும் வடமொழியையும் பாவித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய ஆட்சியாண்டைச் சொல்லும் கற்கள் இங்கே காட்டுக்குள் வட்டெழுத்தில், தமிழில் நின்றன. மகேந்திர வர்மன் இந்தக் கற்களில் 'மயீந்திர பருமன்' ஆகிவிடுகிறான். காஞ்சிபுரத்துப் பேரரசனின் பெயரை இந்த ஊர்க் கல்தச்சன் தன் வாய்க்கு ஏற்றபடி மடக்கிக்கொண்டான் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

க. கைலாசபதி தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டது 1968. பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர். கிரேக்க வீரப் பாடல்களோடு நம் புறப்பாடல்களை ஒப்பிட்டு அவர் எழுதியது நம் விமர்சனத்தில் ஒரு திருப்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் செங்கத்துக் கற்கள் அச்சுக்கு வர அப்போது இன்னும் நாலு வருஷம் இருந்தது. புறநானூற்று வீரனுக்குப் பக்கத்தில் ஹோமரின் வீரன் வந்து நின்றான், கருந்தேவக்கத்தி வரவில்லை.

கருந்தேவக்கத்தி யார் என்று கேட்பீர்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிற கல் அவனுடையது. மகேந்திர வர்மனின் 34ஆவது ஆட்சியாண்டு. 7ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. கல்லில் வீரன் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு நாய். எருமைகளைக் காக்கிற சண்டையில் அவன் பட்டுப்போனான். அவனுடைய நாய், கோவிவன் என்று பெயர், திருடர்கள் இரண்டு பேரைக் கடித்து அங்கேயே காத்து நின்றது. தமிழில் பெயரோடு கல்லேறிய நாய் இது. (கோழிக்கும் கல் உண்டு. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த சேவலுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். வீரம் மனிதனின் ஏகபோகம் என்று அந்த ஜனங்கள் நினைக்கவில்லை.)

எடுத்தனூர்க் கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நாயில் உருகிப்போய் நின்றுவிடுகிறார்கள். நானும் உருகினேன். பிறகு அந்த வாசகத்தைச் சொல் சொல்லாக எழுதிப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. வாசகம் எப்படித் தொடங்குகிறது? பேரரசனின் பெயரும் ஆட்சியாண்டும். அடுத்து அவனுக்குக் கீழே இந்தப் பகுதியை ஆண்ட வாணகோ அரைசர். அடுத்து அவருடைய மருமக்கள் பொற்றொக்கையார். அடுத்து அந்தப் பொற்றொக்கையாரின் இளமகனாக, அதாவது ஏவலில் உள்ள ஆளாக, கருந்தேவக்கத்தி. அதற்கும் பிறகு நாய். செத்தவன் யார் என்று தெரிந்துகொள்ள மூன்று அதிகாரப் படிகளை நாம் இறங்கி வரவேண்டியிருக்கிறது. அவன் செத்தது அவனுக்காகக்கூட இல்லை என்பதுபோல, 'இன்னாருடைய ஆள்' என்ற வேற்றுமை உருபில்தான் அவன் பெயர் தொங்குகிறது.

இது ஒரு கல்லின் விஷயமில்லை. வட்டெழுத்துக் காலத்துக் கற்களில் பெரும்பாலானவை இந்த ஏணியில்தான் இறங்குகின்றன. மன்னன், குறுநிலத் தலைவன், அவனுடைய சேவகன். பிறகு 'தொறு' என்கிற மாட்டுமந்தை, கொண்டார்களா, மீட்டார்களா. பிறகு 'பட்டான்'. கடைசியில் 'கல்'. வினைமுற்று ஒன்றே ஒன்றுதான் அந்த ஆளுக்கு முழுக்கச் சொந்தம்: பட்டான். மற்றதெல்லாம் மேலேயிருந்து வந்தவை. நடுகற்களை அடித்தள மக்களின் வரலாறு என்று கொண்டாடும் கட்டுரைகள் நம்மிடம் நிறைய வந்துவிட்டன. படத்தைப் பார்த்தால் அது சரி. வாசகத்தைப் பார்த்தால், அடித்தளத்து ஆளின் சாவை அதிகாரம் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்ட பதிவேடு அது. ஒரே கல்லில் இரண்டு பிரதிகள். சிற்பத்தில் அவன் மட்டும் பெரிதாக நிற்கிறான். மன்னன் உருவம் அங்கே இல்லவே இல்லை. எழுத்தில் மன்னன் முதலில் வருகிறான். அவன் வாலில் வருகிறான். இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரே பாறையில் குடியிருக்கின்றன.

தொல்காப்பியத்துக்கும் இதில் பங்குண்டு. வெட்சியை வேந்தன் ஏவிய வேலையாக அது பார்க்கிறது. போருக்கு முன்னுரையாக, நாட்டுக்கு நாடு நடக்கிற சமாச்சாரமாக. கற்களில் தெரிவது அத்தனை கம்பீரமில்லை. அடுத்த ஊர்க்காரன் ராத்திரியில் வந்து மந்தையை ஓட்டிப்போகிறான், இந்த ஊர்க்காரன் துரத்துகிறான், ஒருவன் சாகிறான். புலியோடும் பன்றியோடும் மல்லுக்கட்டிச் செத்தவனுக்கும் கல் உண்டு. திணை இலக்கணம் இந்தத் திருட்டையும் காவலையும் பூச்சூட்டி அரசின் சடங்காக்கிவிட்டது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. ராஜன் குழுவினர் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகற்களைப் பாருங்கள். கிறிஸ்துவுக்கு முந்தையவை. அவற்றில் ஒன்று ஆகோளில் செத்தவனுக்கானது. அதில் மன்னன் பெயர் இல்லை, ஆண்டுக் கணக்கு இல்லை. ஊர், ஆகோள், ஆள், கல், அவ்வளவுதான். ஆக, ஏணி பிறகு வந்து சாத்தப்பட்டது. அரசு இந்தக் காட்டுக்குள் எப்போது, எப்படி நுழைந்தது என்பதற்கு அந்த ஏணியே சாட்சி.

மாடு இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மானாவாரி பூமி. கேழ்வரகு, சாமை, துவரை. காவிரிக் கரையின் நெல் அரசியல் இங்கே செல்லாது. மந்தையே நடமாடும் களஞ்சியம். போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தை பிறந்தால் எருது விடும் விழா. 2023 பிப்ரவரியில் ஓசூரை ஒட்டிய கோபசந்திரத்தில் எருது விட அனுமதி கிடைக்கத் தாமதமானதற்குப் பெங்களூர் நெடுஞ்சாலையையே மறித்துவிட்டார்கள். கரந்தை என்று அதற்குத் துறை வகுக்க நான் முயலவில்லை. அப்படிப்பட்ட கட்டுரைகளைப் படித்து எனக்கே அலுத்துவிட்டது. மாடு இன்னும் வெறும் மாடாக ஆகிவிடவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு சிக்கல், மொழி. மத்தூரில் கடைத்தெருவில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்தால் தமிழும் தெலுங்கும் உருதும் விழும். ஓசூருக்குப் போனால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். கற்களும் அப்படித்தான். ஓசூர் வட்டாரத்தில் கன்னட எழுத்துள்ள வீரக்கற்களும் தமிழெழுத்துள்ளவையும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நிற்கின்றன. கங்கர், நுளம்பர், வாணர், சோழர், ஒய்சளர் என்று ஏணியின் மேல்படியில் ஆள் மாறிக்கொண்டே இருக்க, கீழ்ப்படியில் மாட்டுக்காகச் செத்தவன் மாறவில்லை. பெங்களூர் என்ற பெயர் முதன்முதலாகக் கிடைப்பது எங்கே என்று நினைக்கிறீர்கள்? அந்த நகரத்துக்குத் தெற்கே பேகூரில், 9ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த ஒரு கன்னட வீரக்கல்லில். கங்கர் காலத் தலைவன் நாகத்தரனைச் சார்ந்த ஒருவன் 'பெங்களூருச் சண்டை'யில் செத்தான் என்கிறது அது. கணிப்பொறி நகரத்துக்குப் பெயர்ச் சான்று கொடுத்தவனும் யாரோ ஒருவனின் ஆள்தான். அந்தக் கல்லை வைத்து அவர்கள் கன்னடத் தொன்மை பேசுகிறார்கள். செங்கத்துக் கற்களை வைத்து நாம் தமிழ்த் தொன்மை பேசுகிறோம். நடுவில் உள்ள எல்லைக்கோடு பிற்காலத்தில் போட்டது. செத்தவர்களுக்கு அது தெரியாது.

பெண்கள்? எல்லையின் அந்தப் பக்கம் மாஸ்தி என்றொரு ஊர் இருக்கிறது. கன்னட எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் ஊர். 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்றாரே, அவர். மாசதி என்பதுதான் மாஸ்தியாயிற்று என்கிறார்கள். கணவனோடு தீயில் இறங்கியவளுக்கு நட்ட கல். எங்கள் பக்கத்துப் பிற்காலக் கற்களிலும் வீரனுக்குப் பக்கத்தில் கை உயர்த்தி ஒருத்தி நிற்பாள். வளையல் அணிந்த கை. அவளுக்கு வினைமுற்றுகூட இல்லை. எங்க ஆயா வேடியப்பனுக்குப் படைக்கும்போது தனியாக ஒரு பிடி சோற்றைக் கல்லுக்குப் பின்னால் வைப்பாள். "அது யாருக்கு ஆயா?" என்றால், "பின்னாடி நிக்கிறவளுக்கு" என்பாள். கல்லுக்குப் பின்னால் யாரும் இல்லை. அந்தப் பிடிச் சோற்றைப் பற்றி எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. ஆயா போனபிறகு அந்தச் சோற்றை வைப்பதும் நின்றுபோயிற்று. ஏன் வைத்தாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளாத பேரன் நான்.

வழிபாட்டுக்குள்ளும் ஏணி இல்லையென்று சொன்னால் பொய். கல்லில் இருக்கிறவன் என்ன சாதி என்று எங்கள் கல் சொல்லவில்லை. ஆனால் யார் முதலில் பொங்கல் வைக்கலாம், யார் எட்ட நின்று தேங்காய் கொடுக்கலாம் என்ற வரிசை இருந்தது. காலனி ஆட்கள் பறை அடித்தார்கள்; படையல் அவர்களுக்குக் கடைசியில் போயிற்று. நாட்டார் தெய்வம் என்றாலே சமத்துவம் என்று எழுதுகிற நண்பர்கள் ஒருமுறை திருவிழாவுக்கு வந்து நிற்கவேண்டும். இருந்தும், ஒரு விஷயத்தில் இந்த வழிபாடு எழுத்தைத் தோற்கடித்திருக்கிறது. எழுத்துள்ள கற்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மயீந்திர பருமனை ஜனங்கள் மறந்தார்கள். வாணகோ அரைசரை மறந்தார்கள். கருந்தேவக்கத்தி என்ற பெயரையும்கூட மறந்தார்கள். அப்பன் மட்டும் மிஞ்சினான். ஏணியின் மேல்படிகள் எல்லாம் உளுத்துப்போய், கடைசியில் நின்றவன் கையில் வேல் கொடுத்து முன்னால் வைக்கப்பட்டான். மறதி ஓர் அரசியல் செயலாக இயங்கியிருக்கிறது என்றுதான் இதை வாசிக்கத் தோன்றுகிறது. ஆய்வாளன் எழுத்தைத் துலக்கிப் படித்தவுடன் நடப்பது என்ன? மன்னன் திரும்ப முதல் இடத்துக்கு வந்துவிடுகிறான். 'மகேந்திர வர்மன் காலத்து நடுகல்' என்று அறிவிப்புப் பலகை வைக்கிறோம். செத்தவன் மறுபடியும் ஒருவனுடைய ஆளாகிறான்.

மயிலாடும்பாறை விவகாரத்தையும் இந்த ஒளியில்தான் பார்க்கிறேன். பர்கூர்ப் பக்கம், தொகரப்பள்ளியை ஒட்டிய சிற்றூர். 2003இல் கா. ராஜன் அங்கே தோண்டினார். 2021இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. அங்கே கிடைத்த கரி மாதிரிகள் அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போய் வந்தன. 2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், கி.மு. 2172 அளவிலேயே தமிழ்நாட்டில் இரும்பு புழங்கியது என்று அறிவித்தார். தென்னாட்டு இரும்புக் காலத்தை கி.மு. 1000, 1200 என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது இது பெரிய தாவல்தான். 2025 ஜனவரியில் சிவகளைக் காலக்கணிப்பு வந்து கி.மு. 3345 என்றது, மயிலாடும்பாறை பின்னுக்குப் போயிற்று. மூன்றே வருஷத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் 'உலகின் முதல்' வரிசையிலிருந்து இறங்கிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று டீக்கடையில் ஒருவர், "நம்முது போயிடுச்சாப்பா?" என்று கேட்டார், கிரிக்கெட்டில் தோற்றதுபோல.

காலக்கணிப்பை நான் குறைசொல்லவில்லை. அது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அந்த இரும்பை உருக்கியவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்று கரித்துண்டு சொல்லாது. எவ்வளவு காட்டை வெட்டினார்கள், யார் ஊதுலை ஊதினார்கள், இரும்பு கைக்கு வந்ததும் யார் யாரை அடித்தார்கள் என்ற கேள்விகள் சட்டமன்ற அறிவிப்பில் இடம்பெறாது. 'எவ்வளவு பழசு' என்ற ஒற்றைக் கேள்வி மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது. இங்கேயும் அதே வாக்கிய அமைப்புதான்: முதலில் தமிழ், அடுத்து ஆண்டு, அடுத்து ஆட்சி, கடைசியில் ஊர்.

கல்லையும் அதன் ஊரையும் இப்படிப் பிரித்துவிடுவது எங்கிருந்து நம்மிடம் வந்தது என்று தேடினால், அந்தத் தடம் ஓர் ஆங்கிலக் கிராமத்தில் போய் நிற்கிறது. வில்ட்ஷயர் பகுதியில் ஏவ்பரி. சுமார் நாலாயிரத்து ஐந்நூறு வருஷப் பழமையுள்ள பெருங்கல் வட்டம். உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. வேடிக்கை என்னவென்றால் ஊரே அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. வீடு, பட்டி, சாராயக்கடை எல்லாம் கற்களுக்கு நடுவே. 14ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் கற்களைச் சாய்த்துக் குழிவெட்டிப் புதைத்தார்கள். கிறிஸ்தவத்துக்கு ஆகாத கற்கள் என்ற பயம் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1938இல் ஒரு கல்லைத் தோண்டியபோது அடியில் ஒரு மனிதனின் எலும்புக்கூடு; கூடவே கத்தரிக்கோலும் அந்தக் காலத்து நாணயங்களும். நாவிதன் என்று பெயர் வைத்தார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் புதைக்கவும் பொறுமையில்லை. கல்லுக்கடியில் வைக்கோலையும் விறகையும் போட்டு நெருப்பு மூட்டி, காய்ந்து சிவந்ததும் தண்ணீர் ஊற்றிச் சம்மட்டியால் அடித்தார்கள். தெறித்த துண்டுகளில் வீடு கட்டினார்கள். வில்லியம் ஸ்டூக்லி 1720களை ஒட்டி அங்கே வந்து, உடைபடுவதைப் பார்த்துப் பதறி, படம் வரைந்து வைத்தார். நம் பக்கத்துக் கல் உடைக்கிறவர்களுக்கும் நெருப்பு வைத்துப் பாறையை உரிக்கிற வித்தை தெரியும். அவர்களைப் பற்றிப் படம் வரைய யாரும் வரவில்லை.

பிறகு காவலர்கள் வந்தார்கள். ஜான் லப்பக் என்ற வங்கிக்காரர், வீடு கட்ட இருந்த நிலத்தை 1871இல் வாங்கிக் கற்களைக் காப்பாற்றினார். 1882இல் பிரிட்டனின் முதல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் அவர் முயற்சியில் வந்தது. 1900இல் பிரபுவானபோது ஏவ்பரி பிரபு என்றே பட்டம் எடுத்துக்கொண்டார். கல் அவருக்குப் பெயர் கொடுத்தது என்று சொல்லவேண்டும். 1930களில் அலெக்சாண்டர் கெய்லர் வந்தார். மார்மலேட் என்கிற பழப்பாகு விற்றுச் சேர்ந்த குடும்பச் சொத்து. நிலங்களை வாங்கி, புதைந்த கற்களைத் தூக்கி நிறுத்தி, காணாமல் போன கற்கள் இருந்த இடத்தில் கான்கிரீட் கட்டைகள் நட்டார். வட்டத்துக்குள் இருந்த வீடுகள் சில இடிக்கப்பட்டன. குடியிருந்தவர்கள் வெளியே போனார்கள். கல்லை உடைத்துக் கட்டிய வீட்டை உடைத்துக் கல்லை நிறுத்தினார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. ஆனால் ஊர் அங்கே பாரம்பரியத்துக்கு இடைஞ்சலாகிவிட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். லப்பக்கின் சட்டத்துக்குப் பிறகு 22 வருஷம் கழித்து, கர்சன் காலத்தில், 1904இல், இந்தியாவுக்கும் பழஞ்சின்னச் சட்டம் வந்தது. அதோடு அந்தப் பார்வையும் வந்தது: சின்னம் என்றால் வேலி போடு, ஆளை வெளியே நிறுத்து.

எங்கள் கற்கள் உடைபடாமல் இத்தனை காலம் தப்பியது எந்தச் சட்டத்தாலும் அல்ல, பயத்தால். அங்கே பயத்தால் புதைத்தார்கள். இங்கே பயத்தால் எண்ணெய் விட்டார்கள். வேலி இல்லாமல் நின்ற கல் அது. ஒரு சில கற்கள் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கும் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கும் போயின. அங்கே சுத்தமாக, எண்ணெய்ப்பிசுக்கு இல்லாமல், எழுத்து தெளிவாக நிற்கின்றன. படிக்க வசதி. நான் போகும்போதெல்லாம் செருப்போடுதான் போகிறேன். எனக்கே அது உறுத்துகிறது, உறுத்துவதை நினைத்துச் சிரிப்பும் வருகிறது.

இப்போது பயமும் போய்க்கொண்டிருக்கிறது. பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து கிரானைட் கண்டம் தாண்டிப் போகிறது. குன்றுகளைக் கம்பியால் வெண்ணெய்போல் அறுக்கிறார்கள். நடுகல்லும் சமையல்மேடையும் ஒரே பாறையின் பிள்ளைகள். குவாரிக்குள் கல்திட்டைகளும் ஈமக்குழிகளும் அகப்பட்டுக்கொண்டால் கேட்க நாதியில்லை. போச்சம்பள்ளியில் சிப்காட் வந்தது. 2021இல் இருசக்கர மின்வண்டித் தொழிற்சாலையும் இந்த வட்டத்தில் வந்தது. நிலத்துக்கு விலை வந்தது. நிலம் விற்ற காசில் ஒரு பங்கு சாமிக்கு. அதில்தான் வேடியப்பனுக்கு ஆபத்து வந்தது, எதிரியிடமிருந்து இல்லை, பக்தனிடமிருந்து.

மூன்று வருஷத்துக்கு முன் ஊரில் கூட்டம் போட்டு, புளியமரத்தை வெட்டி, கான்கிரீட் கோயில் கட்டினார்கள். கல்லை மணல் பீய்ச்சும் எந்திரத்தால் சுத்தம் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். நான் தடுத்தேன். அதற்கு என்னிடமிருந்த ஒரே அதிகாரம் எம்.ஏ. பட்டம்தான்; அதற்காவது உதவியது. இனாமல் பெயிண்ட்டைத் தடுக்க முடியவில்லை. மார்பில் இருந்த அம்பு மூன்று வெள்ளைக்கோடாகி இப்போது நிஜமாகவே பூணூலாகிவிட்டது. வில் சூலமாயிற்று. சுற்றிலும் டைல்ஸ். ஐயர் வந்து கும்பாபிஷேகம் செய்துவைத்தார். சேவல் அறுப்பது கோயிலுக்கு வெளியே, ரோட்டோரம் என்று முடிவாயிற்று.

பூசாரி வயசானவர். கூட்டம் கலைந்தபிறகு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, படிச்சவன் நீ. கல்லுல ஏதாச்சும் எழுதியிருக்குதா, பேரு கீரு?" என்றார். இல்லை என்றேன். "பெயிண்டு அடிக்கறதுக்கு முன்னாடியாவது இருந்துச்சா?" அப்போதும் இல்லை என்றேன். "அப்ப எந்த ராசாவோட ஆளுன்னும் தெரியாது." தெரியாது என்றேன். அவர் ராசாவைப் பற்றிக் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் அவரிடம் இந்த ஏணிக் கதையெல்லாம் சொன்னதில்லை.

புதிய கோயிலின் வலதுபக்கச் சுவரில் ஒரு கறுப்பு கிரானைட் பலகை பதித்திருக்கிறார்கள். எழுத்து எந்திரத்தில் வெட்டியது, தங்க நிறம். அதைச் சொல் சொல்லாக எழுதி எடுத்துக்கொண்டேன். முதலில் ஆண்டும் நாளும். அடுத்து, எந்த அமைச்சரின் 'நல்லாசியுடன்' என்பது. அடுத்து சட்டமன்ற உறுப்பினர் 'முன்னிலையில்'. அடுத்து ஒன்றியத் தலைவர், ஊராட்சித் தலைவர், விழாக்குழு. அதற்குக் கீழே உபயதாரர்கள், ரூபாய்க் கணக்கின் இறங்குவரிசையில். 501 ரூபாய் கொடுத்த என் அப்பா பெயர் கடைசிக்கு இரண்டு வரி முன்னால் இருக்கிறது. புளியமரத்தை வெட்டியவர், கல்லை நகர்த்தி வைத்த கொத்தனார், பறை அடித்தவர்கள், யார் பெயரும் இல்லை. வேடியப்பன் பெயர் ஓரிடத்தில் வருகிறது, மேலே நாலாவது வரியில், நாலாம் வேற்றுமையில்.